‘நடத்தை: திருப்தி’ என்று எழுதிக் கொடுத்தவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்பு உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு அன்பர் ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டை ஒரு பிடி பிடித்திருந்தார். நிறவெறி அவர்கள் ரத்தத்தில் ஊறியது, வாய்த்துடுக்கு அவர்கள் வளர்ப்பு, நம் வீரர்கள் ஒருநாளும் யாருடைய நிறத்தையும் சொல்லி இழிவாகப் பேசியதில்லை என்று முடித்திருந்தார். முதல் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. கடைசி வரியைப் படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 25 வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்ட லீக் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றிருக்கிறேன். பெரிய அம்பயர் இல்லை. மேட் விரித்து ஆணியடித்து ஆடுகிற ஆட்டங்கள்தான். ஆனாலும் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று கேட்ட காது இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிற என் சொந்தக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்பர் எடுத்துக்காட்டிய 2008 சிட்னி டெஸ்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஐந்து நாளும் நம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் நாள் 30 ரன்னில் இருந்த ஆண்ட்ரூ சைமண்ட்ஸ், இஷாந்த் சர்மா பந்தில் மட்டையில் பட்டுக் கீப்பரிடம் போனது ஊருக்கே தெரிந்தது, அம்பயர் ஸ்டீவ் பக்னருக்குத் தெரியவில்லை. மட்டையில் பட்டதுதான் என்று சைமண்ட்ஸே பிறகு ஒப்புக்கொண்டார். அவர் ஆட்டமிழக்காமல் எடுத்தது 162. கடைசி நாள் மைக்கேல் கிளார்க் ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுத்து, 122 ரன்னில் ஆஸ்திரேலியா ஜெயித்தது. தொடர்ந்து 16-ஆவது டெஸ்ட் வெற்றி. அன்று மாலை நம் கேப்டன் கும்ப்ளே, ஒரே ஒரு அணிதான் ஆட்டத்தின் உணர்வோடு ஆடியது என்று சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

சச்சினும் ஹர்பஜனும் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்த மூன்றாம் நாள்தான் அந்த விவகாரம். ஹர்பஜன், பிரெட் லீயின் பின்பக்கத்தில் மட்டையால் லேசாகத் தட்டினார். சிரித்துக்கொண்டு தட்டியதுதான். சைமண்ட்ஸ் வலிய வந்து வாயைக் கொடுத்தார். பதிலுக்கு ஹர்பஜன் ‘குரங்கு’ என்றார் என்பது ஆஸ்திரேலியர்களின் புகார். அம்பயர்கள் பக்னர், மார்க் பென்சன் இருவர் காதிலும் அது விழவில்லை. மேட்ச் ரெஃப்ரி மைக் புரோக்டர் மூன்று டெஸ்ட் தடை போட்டார். அடிலெய்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன் மேல்முறையீட்டை விசாரித்து, நிறவெறிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, வசை பேசியதற்காக ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதமாகப் போட்டார். ஹர்பஜனின் முந்தைய தண்டனைகள் முழுமையாக அவர் முன் வைக்கப்படவில்லை என்பது தீர்ப்புக்குப் பிறகுதான் வெளியே வந்தது.

சரி, நம் தரப்பு வாதம் என்னவென்று ஞாபகம் இருக்கிறதா? அவர் சொன்னது குரங்கு இல்லை, தாயை இழுத்துச் சொல்லும் ஒரு இந்தி வசவு, அது ஆங்கிலக் காதில் அப்படி விழுந்துவிட்டது என்பதுதான். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டு எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். “பார்த்தியா, வெறும் அம்மாவைத்தான் திட்டியிருக்கான்” என்று ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் கிண்டலாகச் சொல்லவில்லை. அம்மாவை இழுத்தால் வெட்டுக்குத்து வரைக்கும் போகிற ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள், ஒரு வெளியூர்க்காரனின் அம்மாவைத் திட்டியது நம் பையன் நல்லவன் என்பதற்கான சாட்சி என்று சொல்லி டிபன் பாக்ஸை மூடினோம். நானும்தான்.

குரங்கு என்ற சொல் நம் வீட்டில் செல்லத் திட்டு. என் பாட்டி என்னைக் கூப்பிட்டதே அப்படித்தான். அதனாலேயே அந்தக் கோபம் நமக்குப் புரியவில்லை. சைமண்ட்ஸின் பெற்றோரில் ஒருவர் ஆப்பிரிக்க-கரீபிய வழி வந்தவர். குழந்தையிலேயே ஒரு வெள்ளைக் குடும்பத்துக்குத் தத்துப் போனவர் அவர். அப்படி ஒரு மனிதனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால், அது என் பாட்டி சொன்ன சொல் இல்லை. கறுப்பின மக்களை மனிதக் கணக்கிலேயே சேர்க்காத காலத்தில் அவர்களைக் குறிக்கப் பயன்பட்ட சொல் அது. சொன்னவனுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாமல் இருக்கலாம். கேட்டவனுக்குத் தெரியும்.

அன்பர் கடிதத்தில் சிட்னி இருக்கிறது, வதோதரா இல்லை. சிட்னிக்கு மூன்றே மாதம் முன்பு, 2007 அக்டோபரில், ஆஸ்திரேலிய அணி இங்கே ஒருநாள் தொடர் ஆடியது. வதோதராவில் சைமண்ட்ஸ் எல்லைக்கோட்டில் நின்றபோது கூட்டம் குரங்கு மாதிரி சத்தம் எழுப்பியது. அது ஏதோ சாமி கும்பிடும் கோஷம், அனுமார் பக்தி என்றெல்லாம் விளக்கம் வந்தது. பிறகு மும்பையில் அதே கூத்து. அங்கே ஒரு ரசிகர் கையைக் கக்கத்தில் வைத்துக் குரங்குச் சேஷ்டை செய்யும் படம் பத்திரிகைகளில் வந்தது, போலீஸும் சிலரைப் பிடித்தது. படம் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அது அனுமார் பக்தியாகத்தான் இருந்திருக்கும்.

2021 ஜனவரியில் அதே சிட்னி மைதானத்தில் முகமது சிராஜ் எல்லைக்கோட்டிலிருந்து ஓடிவந்து, கூட்டத்தைக் கைகாட்டி அம்பயரிடம் சொன்னார். அப்பாவை இழந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கி ஆடிக்கொண்டிருந்த பையன். ஆட்டம் சில நிமிடம் நின்றது, ஆறு பேரை வெளியே அனுப்பினார்கள். சிட்னியில் இது புதிதல்ல, முன்பும் நடந்திருக்கிறது, இரும்புக்கரம் கொண்டு அடக்க வேண்டும் என்று நம் அஸ்வின் சொன்னார். ஆஸ்திரேலிய வாரியம் விசாரித்து, இந்திய வீரர்கள் நிறவெறி வசவுக்கு ஆளானது உண்மைதான் என்று அறிவித்தது. கூடவே, வெளியே அனுப்பிய அந்த ஆறு பேர் அதைச் செய்தவர்கள் இல்லை என்றும் சொன்னது. செய்தவர்கள் கடைசிவரை சிக்கவில்லை. நான் அதைப் படித்துக் கொதித்தேன். ஆனால் ‘அது சாமி கோஷம்’ என்று அவர்கள் சொல்லவில்லையே என்பதும் உறைத்தது.

இன்னொரு ஜோடிக் கதை சொல்கிறேன். அன்பர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

2019 ஜனவரி, டர்பன். பாகிஸ்தான் கேப்டனும் கீப்பருமான சர்ஃபராஸ் அகமது, கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் எரிச்சலாகி, தென்னாப்பிரிக்காவின் ஆண்டிலே பெலுக்வாயோவைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். ஸ்டம்ப் மைக்கில் அது தெளிவாக விழுந்தது. “ஏய் கறுப்பா, உன் அம்மா இன்னைக்கு எங்கே உட்கார்ந்திருக்கா, உனக்காக என்ன ஓதச் சொல்லிட்டு வந்தே” என்கிற மாதிரி. நிறமும் அம்மாவும் ஒரே வாக்கியத்தில். வர்ணனையில் இருந்த ரமீஸ் ராஜாவிடம், என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ரமீஸ் சிரித்துக்கொண்டே, மொழிபெயர்ப்பது கஷ்டம், நீளமான வாக்கியம் என்று நழுவிவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு, பிறகு சொல்கிறேன். சர்ஃபராஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார், பெலுக்வாயோவும் ஏற்றுக்கொண்டார். இருந்தாலும் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி. நான்கு ஆட்டத் தடை விதித்தது. நம் ஊரில் அன்றைக்கு என்ன குதூகலம்! என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எத்தனை மீம்!

அடுத்த வருஷம், 2020 ஜூன். மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் கேப்டன் டேரன் சமி ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். 2013, 2014-இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் ஆடியபோது தன்னையும் இலங்கையின் திசர பெரேராவையும் ‘காலூ’ என்று கூப்பிட்டார்கள், வலுவான குதிரை என்று அர்த்தம் போலிருக்கிறது என நினைத்துக்கொண்டேன், கறுப்பன் என்கிற உண்மை அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது என்றார். அவர் அந்தப் பெயரை எவ்வளவு நம்பினார் என்றால், வி.வி.எஸ். லட்சுமணுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன ட்வீட்டில் தன்னையே அப்படிக் குறிப்பிட்டிருந்தார். இஷாந்த் சர்மாவின் 2014 இன்ஸ்டாகிராம் படம் ஒன்றிலும் அந்தப் பெயர் இருந்தது. பிறகு ஒரு வீரர் தன்னிடம் பேசினார், அன்பில் சொன்னதுதான் என்றார், நான் நம்புகிறேன் என்று சமி முடித்துக்கொண்டார். பெரிய மனசு.

டர்பனில் சொன்னதும் ஹைதராபாத்தில் சொன்னதும் ஒரே சொல்தான், கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. பாகிஸ்தான்காரன் சொன்னபோது நிறவெறி என்று குதித்த அதே வாட்ஸ்அப் குழு, நம்மவர் சொன்னபோது “டிரெஸ்ஸிங் ரூம்ல பட்டப்பேர் வைக்கிறது சகஜம், சமிக்கு பப்ளிசிட்டி வேணும்” என்றது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. என் சொந்த மைத்துனர். எடுத்துக் காட்டினால், “மாமா, அது வேற இது வேற” என்றார். எது வேறு என்று நான் கேட்டதற்கு ஒரு கைகூப்பும் பொம்மை அனுப்பினார்.

இங்கே ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் வாயே திறக்கக் கூடாது என்கிற கட்சி இல்லை நான். கிரிக்கெட்டில் சீண்டல் ஒரு ருசி. அதே 2021 சிட்னி டெஸ்ட்டின் கடைசி நாள் அஸ்வினும் விஹாரியும் காயத்தோடு நின்று ஆட்டத்தை டிரா செய்துகொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியக் கேப்டன் டிம் பெய்ன் கீப்பிங் செய்துகொண்டே, உன்னை அடுத்த டெஸ்ட் நடக்கும் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் பார்க்கக் காத்திருக்கிறேன் என்று அஸ்வினைக் கிளறினார். நீ இந்தியாவுக்கு வா, அதுதான் உன் கடைசித் தொடராக இருக்கும் என்று அஸ்வின் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெய்ன் தடித்த வார்த்தை விட்டார், கேட்ச்சையும் விட்டார், மறுநாள் மன்னிப்பும் கேட்டார். பத்து நாள் கூட ஆகவில்லை, 32 வருஷமாக ஆஸ்திரேலியா தோற்காத அந்த காபாவிலேயே நாம் ஜெயித்தோம். அந்த உரையாடலை இன்றைக்கும் யூடியூபில் போட்டுப் பார்த்துச் சிரிப்பேன். ஆட்டத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி, அடுத்த பந்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அவன் மட்டையால் பதில் சொல்லலாம். தோலைச் சொன்னால் எந்த மட்டையால் பதில் சொல்வான்?

இந்த இரட்டை நாக்குக்குப் பணமும் ஒரு காரணம், மறைப்பானேன். ஒரு காலத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் வைத்ததுதான் சட்டம். 1995 பாக்சிங் டே டெஸ்ட்டில், மெல்போர்னில், அம்பயர் டேரல் ஹேர் கையை நீட்டி நீட்டி, பந்தை எறிகிறார் என்று இலங்கையின் முத்தையா முரளிதரனுக்கு ஏழு முறை நோ-பால் சொன்னார். அந்தப் படத்தைத் தமிழ்நாட்டில் பார்த்த எல்லோருக்கும் அவமானம் நமக்கே நடந்தது போல இருந்தது. பின்னாளில் அந்த நாட்டுப் பிரதமர் ஜான் ஹோவர்டே முரளி எறிகிறார் என்று பேசினார். அங்கே போனால் கூட்டம் நோ-பால் என்று கத்தும். 2003-இல் பிரிஸ்பேனில் டேரன் லேமன் அவுட்டாகி உள்ளே போகும்போது இலங்கை வீரர்களைக் குறித்து நிறத்தைச் சேர்த்துக் கத்தியதற்கு ஐந்து ஒருநாள் ஆட்டத் தடை கிடைத்தது. அதுவரை இந்தக் குற்றத்துக்கு யாரும் தடை வாங்கியதே இல்லை. அப்படியென்றால் அதுவரை யாரும் பேசவே இல்லை என்று அர்த்தமா?

இப்போது சாவி நம் கையில் இருக்கிறது. சிட்னிக்குப் பிறகு பக்னரை அடுத்த டெஸ்ட்டிலிருந்து எடுத்தார்கள். அடிலெய்டில் தீர்ப்பு பாதகமாக வந்தால் அணியை ஊருக்கு அழைத்துவரத் தனி விமானம் தயார் என்று செய்தி வந்தது. நான் அதைப் படித்துக் கைதட்டியவன். இன்றைக்கு யோசித்தால், ஒரு நீதிபதி விசாரித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் விமானத்தை நிறுத்திவைப்பதை வேறு எந்த விஷயத்தில் நாம் நியாயம் என்போம்? அப்புறம் நடந்த வேடிக்கை: தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, முதல் ஐ.பி.எல். ஏலத்தில் அதே சைமண்ட்ஸ் 13.5 லட்சம் டாலருக்குப் போனார். தோனிக்கு அடுத்த விலை. 2011-இல் அவரும் ஹர்பஜனும் மும்பை அணியில் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். 2022-இல் கார் விபத்தில் சைமண்ட்ஸ் இறந்தபோது ஹர்பஜன் இரங்கல் தெரிவித்தார். அவர்கள் இருவரும் எப்போதோ பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நம் சேப்பாக்கம் வேறு மாதிரி, அறிவார்ந்த கூட்டம் என்று அன்பர் எழுதியிருந்ததற்கும் வருகிறேன். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. 1986 செப்டம்பரில் லீவு போட்டுவிட்டு, திருச்சியிலிருந்து ராத்திரி ரயிலேறி, ஐந்து நாளும் சேப்பாக்கத்தில் உட்கார்ந்தவன் நான். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு ரன்னுக்கும் நாங்கள்தான் கைதட்டினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டுப் பக்கத்து சீட்டுப் பெரியவர், “பாவம், யார் பெத்த பிள்ளையோ” என்றார். கடைசி நாள் மணீந்தர் காலில் பந்து பட்டு, அம்பயர் விக்ரம்ராஜு அவுட் என்று விரலைத் தூக்கி, டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது தடவையாக ஆட்டம் ‘டை’ ஆனது. அதற்குப் பிறகு விக்ரம்ராஜு எந்த டெஸ்ட்டிலும் அம்பயராக நிற்கவில்லை. சொந்த நாட்டுக்கு எதிராக, அந்த நேரத்தில், அந்த விரலைத் தூக்க என்ன தைரியம் வேண்டும் என்று ரயிலில் திரும்பும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். நான் அம்பயர் பரீட்சை எழுதியதற்கு அந்த விரல்தான் காரணம்.

அந்த டீன் ஜோன்ஸ்தான் 2006-இல் கொழும்பில் வர்ணனை செய்தபோது, தாடி வைத்த தென்னாப்பிரிக்க வீரர் ஹாஷிம் ஆம்லா கேட்ச் பிடித்ததும், தீவிரவாதிக்கு இன்னொரு விக்கெட் என்றார். மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துச் சொன்னது. அன்றே வேலை போனது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு வாரம் எனக்கு மனசே சரியில்லை. அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். சொன்னது தப்பு என்பதும் மாறவில்லை. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள முடிகிறது.

1999 ஜனவரியில் வாசிம் அக்ரம் அணி 12 ரன்னில் நம்மை ஜெயித்தபோது சேப்பாக்கமே எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். 2023 உலகக் கோப்பையில் அகமதாபாத்தில் பாகிஸ்தானின் ரிஸ்வான் அவுட்டாகிப் போகும்போது கேட்ட மதக் கோஷத்தையும் தொலைக்காட்சியில் கேட்டோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் தலையை நிமிர்த்திக்கொள்வேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 2013 ஐ.பி.எல்.-இல் இலங்கை வீரர் யாரும் சென்னையில் ஆட முடியாது என்று முடிவானது. 2009-ஐ நான் மறந்தவன் இல்லை, அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. அந்த முடிவில் பெங்களூரு அணியிலிருந்த முரளிதரனும் அடங்கினார். கண்டித் தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர். மெல்போர்னில் அவருக்காகக் கொதித்த நமக்கு, சேப்பாக்கத்தில் அவர் ஆட முடியாமல் போனபோது ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

நிறத்தைப் பற்றி நம் பிள்ளைகளே பேசியிருக்கிறார்கள். 2017-இல் டெஸ்ட் ஆட்டக்காரர் அபினவ் முகுந்த், சிறு வயதிலிருந்து தன் தோலின் நிறத்துக்காக எத்தனை கேலி கேட்டிருக்கிறேன் என்று வெளிப்படையாக எழுதினார். சென்னை வெயிலில் நாள் முழுக்க ஆடினால் என்ன நிறம் வரும் என்பதை அவர் எழுதித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2021-இல் லட்சுமண் சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுக்க நிறத்துக்காக ஒதுக்கப்பட்டேன், அதுவும் சொந்த நாட்டிலேயே என்றார். 17 வயதில் டெஸ்ட் ஆடியவர், 1984-இல் பம்பாயில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டை எடுத்தவர். அவருக்கே அப்படி.

இப்போது என் கதை.

1997 மார்ச் என்று நினைக்கிறேன், ஒரு கல்லூரி மைதானம். 30 ஓவர் ஆட்டம். ஒரு அணியில் மணப்பாறைப் பக்கத்துப் பையன் ஒருவன், லாரி பட்டறையில் வெல்டிங் வேலை. நல்ல வேகம். மேட்டில் பந்து விழுந்தால் ‘டப்’ என்று சத்தம் கேட்கும், அடுத்தது கீப்பர் முகத்துக்கு முன்னால்தான். அன்றைக்கு நாலு விக்கெட் எடுத்தான். எதிரணி ஆட்டக்காரர்கள் எல்லாம் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள், இங்கிலீஷ் மட்டை, இங்கிலீஷ் கிளவுஸ். அவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

மாலை ஐந்தரை மணி. புளியமர நிழல் பிட்ச் வரை நீண்டுவிட்டது. கடைசி ஆளாக அவன் மட்டையோடு வந்தான். ஜெயிக்க ஒன்பது ரன். நான் ஸ்கொயர் லெக்கில். கீப்பர், “லைட்டப் போடுங்கப்பா, பேட்ஸ்மேன் எங்க நிக்கிறான்னே தெரியல” என்றான். ஸ்லிப்பில் நின்றவன், “டேய், அவனச் சிரிக்கச் சொல்லு, பல்லு தெரியும், அத வச்சு போடலாம்” என்றான். வட்டத்துக்குள் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு இல்லை, ஆனால் தொப்பிக்குக் கீழே என் பல் தெரிந்திருக்கும். பையன் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அம்பயர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தானோ என்னவோ. அடுத்த பந்தை ஆங்காரமாகச் சுற்றினான், நடு ஸ்டம்ப் எகிறியது.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அணியின் கிட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். “சார், நீங்களும் சிரிச்சீங்களே சார்” என்றான். கோபம் இல்லை, குரலே எழவில்லை. நான் நிமிராமல், “விளையாட்டுல இதெல்லாம் சகஜம்ப்பா, மனசுல வச்சுக்காத” என்றேன். எங்கள் குலசாமி கருப்பண்ணசாமி. அந்த வருஷம் ஆடியில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தேன்.

அம்பயர் ரிப்போர்ட்டை அன்றே எழுத வேண்டும். பிட்ச், பந்து, நேரம், கடைசியில் ‘ஆட்டக்காரர்களின் நடத்தை’ என்று ஒரு கட்டம். அதில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேட்டா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த சீசனில் அந்தப் பையன் வரவில்லை. வேலை காரணமாக இருக்கலாம், வெளியூர் போயிருக்கலாம், எல்லாவற்றுக்கும் என் சிரிப்புதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளவும் நான் துணிய மாட்டேன். பக்னருக்கும் பென்சனுக்கும் சிட்னியில் எதுவும் காதில் விழவில்லை. எனக்கு நன்றாகவே விழுந்தது.

எங்கள் மாவட்டத்தில் நான் நின்ற 25 வருஷத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டியதாக ஒரு ரிப்போர்ட்டும் போனதாக எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றும் எழுதவில்லை. சாதியைச் சொல்லிப் பேசியதும் உண்டு. அதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. சர்வதேச ஆட்டங்களில் இதற்கென்றே ஐ.சி.சி. தனி விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் ஒரு வரிகூட இருந்ததில்லை.

அதனால் மாவட்டச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். நடத்தை என்று மொத்தமாக ஒரு கட்டம் போதாது. நிறம், சாதி, மதம், ஊர் இவற்றைச் சொல்லி யாராவது பேசினார்களா, என்ன சொன்னார்கள், சொன்ன வார்த்தை அப்படியே என்று தனியாக ஒரு கட்டம் வேண்டும். ‘இல்லை’ என்றால் அம்பயர் தன் கையால் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘திருப்தி’ என்று எழுதுவது சுலபம். கேட்டதை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதும்போது பேனா கொஞ்சமாவது நிற்கும். சீசன் தொடங்கும் முன் அம்பயர்களுக்கு வைக்கிற வகுப்பில் எல்.பி.டபிள்யூ.வுக்கு ஒதுக்குகிற நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். கூப்பிட்டால் நானே வந்து பேசுகிறேன், என் 1997 கதையிலிருந்து தொடங்கி.

பதிவுத் தபாலைத்தான் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்களே, அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. பதில் வரவில்லை. வந்தால் உங்களுக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், முன்னாள் மாவட்ட லீக் நடுவர்,
உறையூர், திருச்சி.